கணிப்பும் வாக்கும்: மென்பொருள் குழுக்களின் அஜைல் நடைமுறை குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

ஒரு பணியை ஏற்பவரிடம் 'எப்போது முடியும்?' என்று வினவுவது உலகியல். அதற்கு அவர் தரும் விடை இருவகையாகப் பொருள்படக்கூடும். தாம் அறிந்தவற்றைக் கொண்டு இவ்வளவு நாளாகலாம் என்று எண்ணிச் சொல்வது ஒன்று. இன்ன நாளில் முடித்துத் தருவேன் என்று தம்மைப் பிணைத்துக்கொள்வது மற்றொன்று. முன்னையது கணிப்பு, பின்னையது வாக்கு. கணிப்புத் தவறினால் சொன்னவரின் அறிவு குறையுடையது எனலாம்; வாக்குத் தவறினால் அவருடைய ஒழுக்கமே ஐயத்திற்கு உள்ளாகிறது. ஆயினும் 'இரண்டு வாரத்தில் முடியும்' என்னும் ஒரே தொடர் இவ்விரண்டிற்கும் பயன்படுவதால், சொல்பவர் கணிப்பாகச் சொன்னதைக் கேட்பவர் வாக்காகக் கொள்ளும் நிலை எளிதில் நேர்ந்துவிடுகிறது.

இம்மயக்கம் மிகுதியாக நிகழும் தொழிற்களங்களுள் மென்பொருள் உருவாக்கம் குறிப்பிடத்தக்கது. அக்களத்தில் 2001ஆம் ஆண்டு முதல் பரவலாக வேரூன்றிய 'அஜைல்' என்னும் நடைமுறையை விரைவு, செலவு, தரம் ஆகிய நோக்குகளில் மேலாண்மைத் துறையினர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள உறவு என்னும் நோக்கில் அதனை அணுகுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். கணிப்பையும் வாக்கையும் பிரித்துக் காட்டியதே அஜைல் நடைமுறையின் அறவியல் பங்களிப்பு என்பதும், மாறும் உரிமையை ஒரு தரப்பிற்கும் மாறாமல் நிற்கும் கடமையை மறுதரப்பிற்கும் வழங்கும்போது அப்பங்களிப்பு அழிந்துபடுகிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

பின்புலம்

மென்பொருளைப் பொறியியல் முறைப்படி ஆக்க வேண்டும் என்னும் எண்ணம் 1968இல் செருமனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் சார்பில் நடைபெற்ற மாநாட்டில் வலுப்பெற்றது. 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையில் தேவையை அறிதல், வடிவமைத்தல், நிரல் எழுதுதல், சோதித்தல் எனப் படிப்படியாக இறங்கும் வரைபடம் ஒன்று இடம்பெற்றது. பிற்காலத்தவர் அதனை 'அருவி முறை' என்று அழைத்தனர். அவ்வரைபடத்தை அப்படியே பின்பற்றுவது இடர் நிறைந்தது என்று ராய்ஸ் அக்கட்டுரையிலேயே எச்சரித்திருந்தார். படம் நிலைத்தது, எச்சரிக்கை மறக்கப்பட்டது.

அருவி முறையில் தொடக்கத்திலேயே முழுத் தேவையும் எழுதப்பட்டு, இறுதி நாளும் குறிக்கப்படுகிறது. ஆயின் மென்பொருளின் இயல்பு இதற்கு இடந்தருவதில்லை. பயன்படுத்துவோர் தமக்கு வேண்டுவது யாது என்பதைக் கைக்கு வந்த ஒன்றைப் பயன்படுத்திய பின்னரே தெளிவாக உணர்கின்றனர். ஐபிஎம் நிறுவனத்தின் பெருந்திட்டம் ஒன்றை வழிநடத்திய பிரடெரிக் புரூக்ஸ் 1975இல் வெளியிட்ட நூலில், காலந்தாழ்ந்த மென்பொருள் பணியில் மேலும் ஆட்களைச் சேர்ப்பது அதனை மேலும் தாழ்த்தும் என்று காட்டினார். புதியவர்க்குக் கற்பிக்கும் நேரமும் ஒருவரோடொருவர் கலந்து பேசும் நேரமும் பெருகுவதே அதற்குக் காரணம். உழைப்பைக் கூட்டினால் நாள் குறையும் என்னும் பொதுக் கணக்கு இங்குப் பொருந்தாது என்பது அன்றே புலனாயிற்று.

2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சினோபேர்டு என்னுமிடத்தில் மென்பொருள் வல்லுநர் 17 பேர் கூடி ஓர் அறிக்கையை வெளியிட்டனர். நடைமுறைகளினும் மனிதரும் அவர்தம் உறவாடலும், விரிவான ஆவணங்களினும் இயங்கும் மென்பொருளும், ஒப்பந்தப் பேச்சினும் வாடிக்கையாளரோடு கூடிப் பணியாற்றலும், திட்டத்தைப் பின்பற்றுவதினும் மாற்றத்திற்கு ஈடுகொடுத்தலும் மேலானவை என்பன அவ்வறிக்கையின் நான்கு விழுமியங்கள். பின்தள்ளப்பட்டவற்றிற்கும் மதிப்பு உண்டு என்பதை அவ்வறிக்கை ஒப்புக்கொள்கிறது. எனவே அஜைல் என்பது திட்டமின்மை அன்று. திட்டத்திற்கு உரிய இடத்தை வரையறுக்கும் முயற்சி எனலாம்.

இதனைப் பின்பற்றும் முறைகளுள் மிகவும் பரவியது 'ஸ்க்ரம்'. இதில் பணி முழுவதும் ஒரு திங்களுக்கு மேற்படாத சிறு காலப் பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் 'ஸ்பிரிண்ட்' என்று பெயர். அதன் தொடக்கத்தில் குழுவினர் தாம் செய்யக்கூடியவற்றைத் தேர்ந்துகொள்கின்றனர். நாள்தோறும் 15 நிமிடம் கூடிப் பேசுகின்றனர். முடிவில் ஆக்கியதைக் காட்டிக் கருத்தறிந்து, தம் செயல்முறையையும் மீள்நோக்குகின்றனர். நெடுந்தொலைவிலுள்ள ஒரே நாளுக்கு மாற்றாக, அண்மையிலுள்ள பல நாள்களில் உண்மையைச் சந்திக்கும் ஏற்பாடு இது.

எதிர்காலச் சொல்லின் வகைகள்

வருங்காலம் பற்றிய சொற்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல என்பதைத் தமிழ் இலக்கிய மரபு நன்கு அறிந்துள்ளது. புறத்திணையில் வஞ்சினக் காஞ்சி என்றொரு துறை உண்டு. இன்னது செய்யேனாயின் இன்ன இழிவு எனக்கு நேர்க என்று தன்னையே பிணையாக வைத்து மொழிவது அது. சூள் என்பதும் இத்தகையதே. இவற்றில் சொல்பவன் விளைவு முழுவதற்கும் தானே பொறுப்பேற்கிறான். நிலைமை மாறியது என்னும் காரணம் அங்குச் செல்லாது.

அகத்திணையில் தலைவன் கார்காலத்து மீள்வேன் என்று பருவம் குறித்துப் பிரிகிறான். பருவம் வந்தும் அவன் வாராதபோது தலைவியை ஆற்றுவிக்கும் தோழி, இது கார் அன்று என்று மறுப்பதைக் குறுந்தொகையின் 66ஆம் பாடல் காட்டுகிறது. காலமல்லாக் காலத்துப் பெய்த மழையைக் கண்டு கொன்றை ஏமாந்து பூத்தது என்பது தோழியின் வாதம். தலைவன் சொல் பிழைத்தது என்று கொள்வதைக் காட்டிலும், நாட்காட்டியே பிழைத்தது என்று கொள்வது தலைவிக்கு ஆறுதல் தருகிறது. வாக்கைக் காப்பதற்காக உண்மையை வளைக்கும் இச்செயலை அன்பின் பொருட்டு நிகழ்ந்தது என நாம் ஏற்கிறோம். அதே செயல் அச்சத்தின் பொருட்டு ஓர் அலுவலகத்தில் நிகழுமாயின் அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே நம்முன் உள்ள வினா.

கணிப்பை வாக்காக்கிப் பெறும் இடங்களிலெல்லாம் இவ்வளைப்பு நிகழ்கிறது. நாள் தவறினால் தண்டனை என்றிருக்கும்போது, முடியாதது முடிந்ததாகக் காட்டப்படுகிறது, சோதனை சுருக்கப்படுகிறது, பிழை அடுத்த கட்டத்திற்குத் தள்ளப்படுகிறது. பொய் சொல்லும் இயல்பில்லாதவரையும் பொய்க்குள் தள்ளும் ஏற்பாடு அறமுடையது ஆகாது.

ஒரு சொல்லின் மாற்றம்

ஸ்க்ரம் முறையை வகுத்த கென் சுவேபர், ஜெப் சதர்லேண்டு ஆகிய இருவரும் 2010இல் அதற்கென வழிகாட்டி ஒன்றை வெளியிட்டனர். 2011இல் வந்த திருத்தப் பதிப்பில் ஒரு சொல் மாற்றம் பெற்றது. ஸ்பிரிண்டில் எடுத்துக்கொண்ட பணிகளைக் குழுவினர் முடித்துத் தருவதாக உறுதியளிக்கின்றனர் என்று அதுவரை வழங்கிய கருத்து நீக்கப்பட்டு, அவர்கள் முன்கணிப்பே செய்கின்றனர் என்னும் கருத்து இடம்பெற்றது. 2016இல் உறுதிப்பாடு, துணிவு, ஒருமுகப்பாடு, ஒளிவின்மை, மதிப்பு என்னும் ஐந்து விழுமியங்கள் அவ்வழிகாட்டியில் சேர்க்கப்பட்டன. 2020ஆம் ஆண்டுப் பதிப்பு உறுதிப்பாட்டை மூன்று பொருள்களின்மேல் ஏற்றிக் கூறுகிறது: ஆக்கப்பொருளின் குறிக்கோள், ஸ்பிரிண்டின் குறிக்கோள், முடிந்தமைக்கான வரையறை.

இம்மூன்று பதிப்புகளையும் ஒருங்கு வைத்து நோக்கினால் அறவியல் தெளிவு ஒன்று புலனாகும். உறுதிமொழி கைவிடப்படவில்லை, அதன் செயப்படுபொருளே மாற்றப்பட்டது. இத்தனை பணிகளை இந்நாளில் முடிப்போம் என்பதில் குழுவினரின் கட்டுப்பாட்டிற்கு அப்பாற்பட்டவை பல கலந்துள்ளன. இக்குறிக்கோளை நோக்கி உழைப்போம், அரைகுறையானதை முழுமை என்று சொல்லமாட்டோம் என்பவை அவர்கள் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டவை. தன் ஆற்றலுக்கு உட்பட்டதன்மேல் மட்டுமே ஒருவர் வாக்களிக்க இயலும்; உட்படாததன்மேல் அளிக்கும் வாக்கு துணிவாகத் தோன்றினும் உண்மையில் பொறுப்பின்மையே. வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பவற்றைத் தனித்தனி அதிகாரங்களாக வகுத்திருப்பதும் செயலுக்கு முன் அதன் எல்லையை அறிதல் அறிவுடைமையின் கூறு என்பதனாலேயே எனலாம்.

ஒரு திட்டத்தின் சான்று

இக்கருத்திற்கு அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயின் வழக்குக் கோப்புத் திட்டம் தக்க சான்றாகும். தாள் கோப்புகளுக்கு மாற்றாக அத்துறை உருவாக்க முயன்ற முதல் மென்பொருள், ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவான பின்னர் 2005இல் கைவிடப்பட்டது. அடுத்து 2006இல் 'சென்டினல்' என்னும் திட்டம் வெளி நிறுவனம் ஒன்றன்வழித் தொடங்கப்பட்டது. நான்கு கட்டங்களாக வகுக்கப்பட்ட அதனை 2009 டிசம்பருக்குள் முடிப்பதாக முதலில் திட்டமிடப்பட்டிருந்தது. ஆனால் 2010 ஆகஸ்டு அளவில் 45.1 கோடி டாலர் ஒதுக்கீட்டில் ஏறத்தாழ 40.5 கோடி செலவாகியிருந்தது. இரண்டு கட்டங்களே கைக்கு வந்திருந்தன.

அந்நிலையில் எஃப்பிஐ பணியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, ஆட்களின் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்து, இரண்டு வார ஸ்பிரிண்டுகளாக அஜைல் முறையில் தொடர்ந்தது. 2011 செப்டம்பருக்குள் முடியும் என்று அறிவிக்கப்பட்ட பணி, 2012 ஜூலையில்தான் துறை முழுவதும் பயன்பாட்டிற்கு வந்தது.

அஜைல் முறையிலும் நாள் தவறியது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஆகவே அஜைல் வந்தால் சொன்ன நாளில் முடியும் என்று கொள்வது பொருந்தாது. வேறுபாடு பிறிதோர் இடத்தில் உள்ளது. முன்னைய முறையில் தவறு பல ஆண்டுகளுக்கும் பெருஞ்செலவிற்கும் பின் வெளிப்பட்டது. பின்னைய முறையில் இயங்கும் பகுதிகள் தொடர்ந்து காட்டப்பட்டதனால் எது முடிந்தது, எது முடியவில்லை என்பது இடையிடையே அறியப்பட்டது. தவறாமையைக் காட்டிலும் தவற்றை மறைக்க இயலாமையே இம்முறையின் பயன். அறவியலில் இது சிறிய பயன் அன்று.

'முடிந்தது' என்னும் சொல்

வருங்காலச் சொல்லைப் போன்றே இறந்தகாலச் சொல்லும் இக்களத்தில் சிக்கலுக்கு உள்ளாகிறது. மென்பொருள் குழுக்களில் 'முடிந்தது' என்னும் சொல்லுக்குப் பல பொருள்கள் வழங்குகின்றன. நிரல் எழுதியவர்க்கு எழுதி நிறுத்தியதே முடிவு; சோதிப்பவர்க்குப் பிழை நீங்கியதே முடிவு; வாடிக்கையாளர்க்குத் தாம் பயன்படுத்தத் தொடங்கியதே முடிவு. எழுதியவர் 'முடிந்தது' என்று சொல்லும்போது பணியின் பெரும்பகுதி எஞ்சியிருக்கவும் கூடும்.

இத்தகைய காலமயக்கத்தை நம் இலக்கண நூலார் முன்னரே ஆராய்ந்துள்ளனர். உண்ணத் தொடங்காதவனும் உண்டுகொண்டிருப்பவனும் விரைந்து வருமாறு அழைக்கும் ஒருவனுக்கு 'உண்டேன், வந்தேன்' என்று விடை கூறுவதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். நிகழாததை நிகழ்ந்ததாகச் சொல்லும் இவ்வழக்கைத் தொல்காப்பியர் விரைவுப் பொருளில் அமைத்துக்கொள்கிறார். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் காலம் பிறழ்ந்து வரலாம் என்பது நன்னூலார் கொள்கை. இவை வழுவாயினும் அமைதியாகக் கொள்ளப்படுகின்றன. அதற்குக் காரணம் உண்டு. 'இதோ வந்தேன்' என்பதைக் கேட்பவன் அவன் இன்னும் வரவில்லை என்பதைக் கண்ணால் காண்கிறான். எனவே அங்கு ஏமாற்றம் இல்லை. பேசுவோர் இருவரும் ஒரே காட்சியைப் பகிர்ந்துகொள்வதே அவ்வழுவை அமைதியாக்குகிறது.

மென்பொருளில் அப்பகிர்வு இல்லை. கட்டடம் எழும்புவதை வழிப்போக்கரும் காண்பர். நிரல் எழும்புவதை எழுதுபவர் தவிரப் பிறர் காண்பதரிது. ஆதலின் ஆங்கு 'முடிந்தது' என்று காலம் பிறழ்ந்து கூறுவது அமைதியாகாது வழுவாகவே நின்றுவிடுகிறது. அஜைல் நடைமுறை 'முடிந்தமைக்கான வரையறை' என்பதை வகுத்தது இக்குறையை நீக்கவே. சோதனை முடிந்திருத்தல், பிறர் பார்வைக்கு உட்பட்டிருத்தல், ஏனைய பகுதிகளோடு இணைந்து இயங்குதல் முதலியவற்றை ஒரு குழு முன்கூட்டியே வரையறுத்து எழுதிவைக்கிறது. அவை நிறைவேறாதவரை எவரும் இறந்தகால வினைமுற்றைப் பயன்படுத்தக் கூடாது. தொழில்நுட்ப விதியாகத் தோன்றும் இது, உண்மையில் ஒரு சொல்லுக்குக் குழு முழுவதும் ஒரே பொருள் கொள்ளவேண்டும் என்னும் வாய்மை நெறியாகும்.

ஒருதலை மாற்றம்

மேற்கூறிய நன்மைகள் நடைமுறையில் திரிந்துபோவதும் உண்டு. பணியின் அளவைக் குத்துமதிப்பாக ஒப்பிடுவதற்கு 'ஸ்டோரி பாயிண்ட்' என்னும் அலகு வழங்குகிறது. ஒரு ஸ்பிரிண்டில் முடித்த அலகுகளின் கூட்டுத்தொகைக்கு 'வெலாசிட்டி' என்று பெயர். குழு தன் ஆற்றலைத் தானே அறிந்துகொள்ளும் கருவிகள் இவை. ஆனால் மேலாளர்கள் இவற்றைக் கொண்டு ஒரு குழுவை மற்றொரு குழுவோடு ஒப்பிடவும், ஒவ்வொரு முறையும் எண் உயரவேண்டும் என்று வற்புறுத்தவும் தொடங்கும்போது, குழுவினர் சிறு பணிக்கும் பெரிய எண்ணை இடப் பழகுகின்றனர். எண் உயர்கிறது; பணி உயர்வதில்லை. 2001 அறிக்கையில் ஒப்பமிட்டவர்களுள் ஒருவரான ரான் ஜெப்ரீஸ், இவ்வலகைத் தாமே உருவாக்கியிருக்கக்கூடும் என்றும், அவ்வாறாயின் அதற்காக வருந்துவதாகவும் 2019இல் எழுதினார். கணிக்கும் கருவி கண்காணிக்கும் கருவியாகியமை கண்டு எழுந்த வருத்தம் அது.

நாள்தோறும் கூடும் 15 நிமிடக் கூட்டத்தின் நிலையும் இதுவே. உடன் பணியாற்றுவோர் தமக்குள் திட்டத்தைச் சரிசெய்துகொள்வதற்கு ஏற்பட்ட அக்கூட்டம், நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய் என்று மேலாளர் முன் கணக்கொப்புவிக்கும் சடங்காகப் பல இடங்களில் மாறியது. 2020ஆம் ஆண்டு வழிகாட்டியில் அவ்வினாக்களே இடம்பெறவில்லை. அறிக்கையில் ஒப்பமிட்ட மற்றொருவரான மார்ட்டின் பௌலர், 2018இல் ஆற்றிய உரையில், பணி செய்வோர்மேல் வெளியிலிருந்து அஜைல் முறையைத் திணிக்கும் போக்கைக் கடுமையாகக் கண்டித்தார். தாமே தெரிந்துகொள்ள வேண்டிய முறையைக் கட்டளையாகப் பெறுவது அம்முறையின் உயிர்க்கருத்திற்கே முரணானது.

இம்முரண்பாடு அயல்நாட்டு நிறுவனங்களுக்காக இந்தியாவில் நடைபெறும் பணிகளில் மேலும் கூர்மையடைகிறது. விலையும் நாளும் பணியளவும் முன்னரே முடிவுசெய்யப்பட்ட ஒப்பந்தத்தின்கீழ், அன்றாட நடைமுறை மட்டும் அஜைல் என்னும் பெயரில் அமையுமானால் விளைவு யாதாகும்? வாடிக்கையாளர் தம் தேவையை மாற்றும்போது மாற்றத்தை வரவேற்க வேண்டும் என்னும் விழுமியம் சுட்டப்படுகிறது. குழுவினர் நாளை மாற்றக் கேட்கும்போது ஒப்பந்தம் சுட்டப்படுகிறது. ஒரே ஏற்பாட்டின் இரு முகங்கள் இரு தரப்பினர்க்குத் தனித்தனியே காட்டப்படுகின்றன.

நேரமும் இவ்வாறே பங்கிடப்படுகிறது. சான்பிரான்சிஸ்கோவில் காலை 9 மணிக்குக் கூட்டம் என்றால், இந்தியாவில் அது கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் இரவு 10.30. 2001 அறிக்கையோடு இணைந்த 12 நெறிகளுள் ஒன்று, தளராமல் தொடரக்கூடிய சீரான வேகத்தில் பணி நடைபெற வேண்டும் என்கிறது. அதற்கு முன்பே கென்ட் பெக் 1999இல் வெளியிட்ட நூலில் வாரத்திற்கு 40 மணி நேர உழைப்பை ஒரு நெறியாகவே வைத்தார். வேலை நாள்தோறும் ஒரு தரப்பினர் காலையிலும் மறுதரப்பினர் இரவிலும் கூடுவதே வழக்கமாகிவிடும் இடத்தில், அந்நெறி பாதிப் பேருக்கே உரியதாகிவிடுகிறது.

மாற்றத்திற்கு எப்போதும் ஒரு விலை உண்டு. பணியளவு, நாள், செலவு, தரம், உழைப்போரின் ஓய்வு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அவ்விலையைச் செலுத்தியே ஆகவேண்டும். முதல் மூன்றும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருப்பதால் அவற்றைத் தொடுவதற்குப் பேச்சு வேண்டும். தரமும் ஓய்வும் எழுதப்படாதவை, பேச்சின்றியே குறைக்கப்படத்தக்கவை. ஆகவே சுமை எப்போதும் அவற்றின்மேல் சாய்கிறது. யார் விலை கொடுக்கின்றனர் என்பதை வெளிப்படையாகச் சொல்லாத மாற்றம், அஜைல் என்னும் பெயர் தாங்கினும் நேர்மையானது ஆகாது.

ஒரு தடையும் விடையும்

நாள் குறித்து வாக்களிக்க இயலாது என்று குழுவினர் கூறினால் வாடிக்கையாளர் எதனை நம்புவது என்று வினவலாம். தேர்வு முடிவுகளை வெளியிடவேண்டிய பல்கலைக்கழகத்திற்கும், புதிய வரிச் சட்டம் நடைமுறைக்கு வரும் நாளை எதிர்நோக்கும் வணிகருக்கும் நாள் இன்றியமையாதது. 'கணிப்பே தந்தோம்' என்பது சோம்பலுக்கு அரணாகவும் கூடும். இத்தடை வலுவுடையது, புறந்தள்ளத்தக்கதன்று.

அதற்கு விடை இரு பகுதிகளை உடையது. முதலாவது, நாளை மாற்ற இயலாத இடத்தில் நாளை நிறுத்திப் பணியளவை நெகிழவிடலாம். மிக வேண்டியதை முதலில் முடித்து, ஏனையவற்றைப் பின் தள்ளலாம். நாளும் அளவும் இரண்டும் அசையாதிருக்க வேண்டும் என்னும் கோரிக்கையே நிறைவேற்ற இயலாதது. இரண்டாவது, கணிப்புத் தருபவர் வாக்கிலிருந்து முற்றும் விடுபடுவதில்லை. கணிப்பை நேர்மையாகச் செய்வது, அது பொய்க்கப்போகிறது என்று தாம் உணர்ந்த அன்றே தெரிவிப்பது, முடியாததை முடிந்தது என்று சொல்லாமலிருப்பது ஆகிய மூன்றும் அவர் தரும் வாக்குகள். இவற்றில் தவறுபவர் கணிப்பு என்னும் பெயரில் ஒளிந்துகொள்ள முடியாது. கெட்ட செய்தியை முன்னரே சொல்பவரைத் தண்டியாமலிருப்பது, தம் தேவை மாறும்போது அதன் விலையையும் ஏற்பது ஆகிய இரண்டும் கேட்பவர் தரவேண்டிய வாக்குகள். இருபாலும் வாக்கு நிற்கும்போதே கணிப்பு கணிப்பாக நிலைபெறும்.

முடிவுரை

அஜைல் நடைமுறை மென்பொருளுக்கென ஏற்பட்டதாயினும், அது எழுப்பும் வினா பொதுவானது. அறியாத ஒன்றை ஆக்க முனையும் எவரும் – ஆய்வேட்டிற்கு நாள் குறிக்கும் ஆய்வாளரும் உட்பட – இவ்வினாவை எதிர்கொள்கின்றனர். அறியாமையை ஒப்புக்கொண்டு சொல்லப்படும் கணிப்பு, அறிந்ததாகக் காட்டிக்கொள்ளும் வாக்கினும் மேலானது. ஆனால் அவ்வொப்புதலுக்கு இடந்தரும் பெருந்தன்மை கேட்பவரிடத்தும் அமையவேண்டும்.

ஒரு குழு அஜைல் முறையைக் கைக்கொண்டுள்ளதா என்பதை அறிய, அதன் கூட்டங்களையும் பலகைகளையும் எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. 'இது சொன்ன நாளில் முடியாது' என்று அக்குழுவின் இளையவர் ஒருவர் அச்சமின்றிச் சொல்ல இயலுமா, சொன்னபின் மாற்றத்தின் சுமை எவர்மேல் ஏற்றப்படுகிறது என்னும் இரண்டையும் கேட்டறிந்தால் போதுமானது.